நாற்பது டோக்கனும் இரண்டாயிரம் பொய் ஆட்களும்

என் தொழில் பொய் ஆட்களைச் செய்வது. தென்காசியில் இதைச் சொன்னால் ஒருத்தருக்கும் புரிவதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் ஒருமுறை இப்படியே சொல்லித் தொலைத்துவிட்டேன். காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சம்பந்தம் முறிந்துபோனது.

ஆகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஆப்பை ஊருக்குத் திறந்துவிடும் முன், ஒரே நேரத்தில் ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர் வந்து தட்டினால் அது தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்காக நிஜ ஆட்களைக் கூட்டி வைக்க முடியாது. கம்ப்யூட்டரிலேயே ஆட்களை எழுதுவோம். இவன் வருவான், இரண்டு விநாடி யோசிப்பான், இந்த இடத்தில் தட்டுவான், பேர் எழுதுவான், போவான் என்று ஒருத்தனை எழுதி, அவனை இரண்டாயிரமாகப் பெருக்கி சர்வர்மேல் ஏவிவிடுவோம். லோட் டெஸ்ட் என்பார்கள். பதினாலு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். நன்றாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அக்காவுக்கு ஒரு டோக்கன் கிடைக்காமல் போனதைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதும்போது அழுகை வருமோ என்று பயந்தேன். வரவில்லை. ஒரு வருஷத்தில் பெரும்பகுதி எனக்கு எதுவுமே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, தொட்டால் தொடுவது தெரியும், வலி தெரியாது. இருந்துவிட்டுப் போகட்டும்.

சென்னையில் ஆபீஸைப் பூட்டிவிட்டு எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன காலத்தில் தென்காசிக்கு வந்தவன், அப்படியே தங்கிவிட்டேன். எனக்கு ஒரே அக்கா. ஐந்து வயது மூத்தவள். குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற வழியில், அவளும் அத்தானும் சீசன் கடை போட்டிருந்தார்கள். மிளகாய் பஜ்ஜி, நேந்திரங்காய் சிப்ஸ், டீ. சாரல் விழுகிற அந்த இரண்டு மூன்று மாதம்தான் அவர்களுக்கு வருஷம். மற்ற மாதமெல்லாம் சும்மா காலண்டரில் கிடப்பவை. அத்தான் அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசுவாள். வந்தவன் எந்த ஊர், எத்தனை நாள் தங்கல், கூட வந்தது பெண்டாட்டியா தங்கச்சியா என்பது வரை விசாரித்து முடித்த பிறகுதான் பஜ்ஜிப் பொட்டலம் கை மாறும். "ஏட்டி, கருகுது பாரு" என்பது மட்டும்தான் அத்தான் அந்தக் கடையில் பேசி நான் கேட்ட வசனம்.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாதத்தின் முதல் ஞாயிறு மதுரையிலிருந்து மூளை நரம்பு டாக்டர் ஒருவர் வருவார். நாற்பது பேரைப் பார்ப்பார், கிளம்பிவிடுவார். அந்த நாற்பதுக்குள் வருவதற்கு விடிவதற்கு முன்பே வாசலில் வரிசை நிற்கும். வரிசையில் ஆட்கள் நிற்க மாட்டார்கள். செருப்பு நிற்கும், மஞ்சப்பை நிற்கும், தண்ணீர் பாட்டில் நிற்கும். ஆட்கள் எதிரே டீக்கடையில் இருப்பார்கள். கெட்டிக்காரர்கள் இடது செருப்பை ஓரிடத்திலும் வலது செருப்பை நாலு பேர் தள்ளி இன்னோரிடத்திலும் விட்டுவிட்டு வெறுங்காலோடு டீ குடிப்பார்கள். இந்தக் கூத்தை ஒழித்துக்கட்டத்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆப் வேண்டும் என்றார்கள். எங்கள் கம்பெனிக்கு அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததே நான்தான்.

ஆப் எளிமையானது. டாக்டர் வருகிற ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் திறக்கும். நாற்பது நேரங்கள் வரிசையாகத் தெரியும். வேண்டியதைத் தட்டினால் அது பத்து நிமிடம் உங்களுக்காகப் பிடித்து வைக்கப்படும். அதற்குள் நோயாளியின் பேர், வயது, என்ன தொந்தரவு என்றெல்லாம் எழுதி 'உறுதி செய்' என்பதைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அந்த இடம் திரும்பப் போய்விடும். நாற்பதும் தீர்ந்தால் 'இம்மாத டோக்கன் முடிந்தது' என்று கதவைச் சாத்திக்கொள்ளும். இனிமேல் நேரில் டோக்கன் கிடையாது என்று ஆஸ்பத்திரி வாசலில் போர்டே வைத்துவிட்டார்கள்.

நான் எழுதிய பொய் ஆள் தங்கமான மனுஷன். ஒரே ஒரு போன் வைத்திருப்பான். ஒரே ஒரு நேரத்தைத் தட்டுவான், அதையே ஏற்றுக்கொள்வான். ஆதார் அட்டையைத் தேடாமல் வயது சொல்வான். கிடைக்காவிட்டால் முனகாமல் திரும்பிப் போவான். இப்படி இரண்டாயிரம் உத்தமர்களை ஏவிவிட்டேன். சர்வர் அசையவில்லை. எங்கள் டீமுக்குப் பொறுப்பானவள் சென்னையில் இருக்கிறாள், என்னைவிட வயதில் சிறியவள். "சூப்பர் சார், இவ்வளவு ஸ்மூத்தா ஒரு ரிசல்ட் நான் பார்த்ததே இல்ல" என்று போன் செய்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குத் தலைவலி வந்தது. கடைக்குப் போயிருந்தேன். கடலை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தவள் நெற்றியை முழங்கையால் தேய்த்தாள்.

"ஒரு வாரமா இந்தப் பக்கம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குலே. கண்ணத் தொறந்தா வெளிச்சம் குத்துது" என்றாள்.

அவளுடைய இடது கண் இமை கொஞ்சம் தொங்கியிருந்தது. தூக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். குற்றாலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியிருந்தாள். அவர் மாத்திரை கொடுத்து, தாமதிக்காமல் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருந்தார். திருநெல்வேலிக்குப் போ என்றும் சொன்னாராம். சீசனில் கடையை விட்டுவிட்டு திருநெல்வேலி போவதெல்லாம் அக்கா அகராதியிலேயே கிடையாது. தென்காசிக்கு மதுரை டாக்டர் வருகிறாரே, அது போதும் என்றாள்.

"நான் ஆஸ்பத்திரில ஒரு வார்த்த சொல்லட்டா? உனக்கு ஒண்ணு எடுத்து வச்சிருவாங்க."

"போலே கோட்டி. என் தம்பி செஞ்ச ஆப்பு, அதுல எனக்குப் போடத் தெரியாதாக்கும்? சிபாரிசு பிடிச்சா ஊரு என்ன சொல்லும்? நானே போடுதேன் பாரு, மொத டோக்கன் எனக்குத்தான்."

பக்கத்தில் சிப்ஸுக்கு நின்ற செங்கோட்டைக்காரரிடம் வேறு, "இந்தா நிக்கான்லா, இவன் செஞ்சதுதான்" என்று சொன்னாள். நான் செய்தது அதன் பரீட்சையை மட்டும்தான். திருத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆயிரத்துக்கும் மேல் போன்கள் உள்ளே வந்தன. சர்வர் மூச்சு வாங்கவில்லை. எல்லாருக்கும் உடனுக்குடன் பதில் போனது. எட்டு மணிக்கு நானே எழுந்து போய் ஒரு ஸ்பெஷல் காப்பி போட்டுக் குடித்தேன். மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டு, டோக்கன் போட்டாயா என்று கேட்டேன்.

"இந்த மாசம் வேண்டாம்லே. கடையில கூட்டம் அம்முது. அடுத்த மாசம் பாத்துக்கிடுதேன். இப்ப வலி பரவால்ல."

"ஏன், போட்டுப் பாத்தியா இல்லியா?"

"சோலியப் பாருலே" என்று வைத்துவிட்டாள்.

நானும் என் சோலியைப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கடைக்கு ஒரு நடை போயிருக்கலாம். எனக்குச் சந்தோஷத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருக்கும் பெண் போன் செய்தாள். "அண்ணாச்சி, என்ன ஆப் செஞ்சு குடுத்தீங்க? நேத்து பதினாறு பேருதான் வந்தாவ. டாக்டர் பதினோரு மணிக்கெல்லாம் கார்ல ஏறிட்டாவ. வாசல்ல அம்பது பேரு டோக்கன் இல்லன்னு எங்கூட சண்டைக்கு நிக்காவ. உள்ள நாற்காலி காலியா கெடக்கு."

நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? சர்வர் நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னேன். மூன்று முறை சொன்னேன்.

அந்த வியாழக்கிழமையிலிருந்து பதினெட்டாம் நாள் அக்கா கடையில் விழுந்தாள். கையில் மாவோடு விழுந்தாள் என்றார் அத்தான். ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன் போல உப்பியிருந்ததாம், அது வெடித்துவிட்டதாம். ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தங்கியது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. ஆபரேஷன் செய்த டாக்டர், "இமை தொங்க ஆரம்பிச்ச அன்னைக்கே வந்திருக்கணும். ஒரு நரம்பு டாக்டர் பார்த்திருந்தா உடனே சொல்லியிருப்பார்" என்றார். திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் சாதாரணமாகத் தலையாட்டினேன். அன்றிலிருந்துதான் எனக்குள் எதுவோ மரத்துப்போனது என்று நினைக்கிறேன். அக்கா அங்கே கிடந்த நாற்பது நாளும் ஆஸ்பத்திரி கேன்டீனில் மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டேன். எடைகூட ஏறியது.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, தென்காசி ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆப்பை ஓரமாக வைத்துவிட்டுப் பழையபடி செருப்பு வரிசைக்கே போய்விட்டிருந்தார்கள். சென்னைக்காரி மென்மையாகப் பேசினாள். "சார், உங்களால முடிஞ்சா மட்டும் பாருங்க. நம்ம டெஸ்ட்ல இது ஏன் தெரியலன்னு கண்டுபிடிக்கணும். லாக் எடுத்து, நிஜ ஆட்கள் என்ன செஞ்சாங்களோ அதே மாதிரி டெஸ்ட் எழுதலாம்." லாக் என்பது ஆப் தானாக எழுதி வைக்கும் குறிப்பு. எந்த போன், எத்தனை மணிக்கு, எதைத் தட்டியது என்பதெல்லாம் வரி வரியாக இருக்கும். போன் எண்ணில் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும்.

உட்கார்ந்து படித்தேன். ஏழு மணி அடித்து அரை நிமிடத்துக்குள் நாற்பது இடங்களும் பிடிக்கப்பட்டிருந்தன. உறுதி செய்யப்பட்டது பதினாறுதான். மீதி இருபத்து நாலையும் பிடித்தவர்கள் உறுதியும் செய்யவில்லை, விடவும் இல்லை. ஒரே வீட்டு இணைப்பிலிருந்து நாலு போன்கள். ஒன்று எட்டு மணியைப் பிடித்திருக்கிறது, ஒன்று எட்டரையை, ஒன்று ஒன்பதை, ஒன்று பத்தை. அப்புறம் ஒன்பதை மட்டும் உறுதி செய்துவிட்டு மற்ற மூன்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அட எளவே, துண்டு போட்டிருக்கிறார்கள் என்று வாய்விட்டே சொன்னேன்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் சுரண்டை பஸ் வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு, பை, குடை, சில சமயம் பிள்ளைகூட உள்ளே போகும். முன்னால் ஏறுகிற ஒருத்தர் பின்னால் வருகிற நாலு பேருக்கு இடம் போடுவார். எந்த ஜன்னலில் வெயில் அடிக்கும் என்று பார்த்துவிட்டு நாலில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை விடுவார். யாரும் இதைத் திருட்டாக நினைப்பதில்லை. துண்டு கிடக்கிற சீட்டில் இன்னொருத்தர் உட்கார மாட்டார், அது ஒரு மரியாதை. பள்ளிக்கூடம் போகிற நாளில் என் பையை எறிந்து அக்காவுக்கும் அவளுடைய சிநேகிதிகள் மூன்று பேருக்கும் இடம் பிடித்தவன் நான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். என் பொய் ஆளின் தோளில் மட்டும் ஒரு துண்டு போட மறந்துவிட்டேன். அவனை எந்த ஊரிலிருந்து கூட்டிவந்தேனோ தெரியவில்லை.

பிடித்து வைத்த இடத்தையும் தீர்ந்துபோன இடமாகவே ஆப் எண்ணியது. நாற்பது ஆனதும் கதவைச் சாத்திக்கொண்டது. பத்து நிமிடத்தில் இருபத்து நாலு இடம் காலியாகித் திரும்பி வந்தும் கதவு மறுபடி திறக்கவில்லை. அப்படித் திறக்க வேண்டும் என்று ஒருத்தரும் எழுதவில்லை. என் இரண்டாயிரம் உத்தமர்களில் ஒருத்தனாவது இடத்தைப் பிடித்துவிட்டு உறுதி செய்யாமல் போயிருந்தால் டெஸ்டிலேயே தெரிந்திருக்கும். ஆயிரம் பேருக்குமேல் 'முடிந்தது, முடிந்தது' என்று ஒரு விநாடியும் தாமதிக்காமல் பதில் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் காப்பி போட்டுக் குடித்தேன்.

லாக்கில் இன்னும் கீழே போனபோது ஒரு நாலு இலக்கம் வந்தது. என் அக்காவுடைய போனின் கடைசி நாலு இலக்கம்.

ஏழு மணி ஒரு நிமிடத்துக்கு முதல் தடவை தட்டியிருக்கிறாள். ஏழு மூன்றுக்கு மறுபடி. ஏழு நாலுக்கு. ஏழு பன்னிரண்டுக்கு. பிறகு முக்கால் மணி நேரம் எதுவும் இல்லை. டூரிஸ்ட் வண்டி ஏதாவது வந்து நின்றிருக்கும். எட்டு மணிக்கு மேல் ஆறு தடவை. கடைசியாக ஒன்பது ஐம்பதுக்கு. மொத்தம் பதினோரு தடவை. ஒரே போன். ஒரு தடவைகூட அவளுக்கு உள்ளே போகக் கதவு திறக்கவில்லை. உள்ளே இருபத்து நாலு நாற்காலி காலியாகக் கிடந்தது.

அன்று சாயங்காலம் குற்றாலத்துக்குப் போனேன். கடையைச் சாத்தி ரொம்ப நாளாகியிருந்தது. அத்தான் வீட்டு வாசலில் உட்கார்ந்து அக்காவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அக்கா அன்னைக்குப் பதினோரு தடவ போட்டுப் பாத்திருக்கா. எங்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டாளே."

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும் மாப்ள. நான் அவனக் கூப்பிட்டுச் சொல்லுதேன்னேன். விடல. மொத மொத நம்ம ஊருக்குன்னு ஒண்ணு செஞ்சிருக்கான், அதுல கோளாறுன்னு நம்ம வாயால சொன்னா மனசு ஒடஞ்சிருவான்னா. வெளியயும் யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

உள்ளே போய் அக்கா தூங்குவதைப் பார்த்தேன். அப்போதாவது ஏதாவது வந்திருக்க வேண்டும். நெஞ்சு அடைக்கும், கத்தத் தோன்றும் என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு வண்டியில் பெட்ரோல் போட வேண்டும் என்பதுதான் ஞாபகம் வந்தது. போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

புது டெஸ்ட் எழுதுவதற்காக அடுத்தடுத்து இரண்டு மாதம் முதல் ஞாயிறு ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஒழுங்காக எழுத வேண்டும் என்ற வைராக்கியம் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மை அதில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். என் போனில் ஆப்பைத் திறந்து, "அண்ணாச்சி, இதுல ஒரு டோக்கன் போடுங்க, பாப்போம்" என்று நீட்டுவேன். கையில் வாட்ச்சைப் பார்த்துக்கொள்வேன். ஒருத்தர் ஒவ்வொரு வார்த்தையையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் தட்டினார். ஒருத்தி, "இதுல என்னமோ கேக்கான், நீ பாரு" என்று பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள், அவள் தன் மாமியாரின் பேரை எழுதிவிட்டாள். சுரண்டையில் செல்போன் கடை வைத்திருப்பவர் நோட்டோடு வந்திருந்தார். தன் தெருவில் எட்டு வீட்டுக்கு அவர்தான் எல்லாமே போட்டுக்கொடுப்பாராம், ஒரே எண்ணிலிருந்து. அடுத்த திரைக்குப் போனபின் தேதி சரிதானா என்று திரும்பத் திரும்ப முந்தின திரைக்கு வந்து பார்க்கிறவர்கள்தான் அதிகம். துண்டு போடுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "நாலு எடுத்து வச்சா நாப்பதா கொறையும்?" என்று என்னையே கேட்டார் ஒரு பெரியவர். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

எல்லாரையும் எழுதினேன். சத்தம் போட்டுப் படிக்கிறவர், மாமியார் பேர் எழுதுகிறவள், செல்போன் கடைக்காரர், நாலு துண்டு போடுகிற குடும்பம், சிக்னல் போய்ப் போய் வருகிற ஐந்தருவி போன். கடைசியாக ஒரு போன், ஒரு இடம், பதினோரு தடவை வரை விடாமல் தட்டுகிற ஒருத்தி. நிஜத்தில் எத்தனை எத்தனை பேர் அப்படியோ, அந்த விகிதத்தில் இரண்டாயிரம் பேரைக் கலந்து ஏவிவிட்டேன். முதல் ஓட்டத்திலேயே அந்தக் கதவு சாத்திக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். அதைத் திருத்தச் சொன்னேன். ஒரு எண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு இடம்தான் என்று வைக்கச் சொன்னேன், செல்போன் கடைக்காரருக்கு மட்டும் ஆஸ்பத்திரியே தனி அனுமதி கொடுத்தது. பிடித்து வைக்கிற பத்து நிமிடத்தை ஒரு நிமிடமாகக் குறைக்கச் சொன்னேன். வாசலில் நான் நேரம் பார்த்தவர்களில் ரொம்ப மெதுவானவரே நாற்பத்தைந்து விநாடியில் முடித்திருந்தார். மறுபடி ஓட்டினேன். பதினோரு தடவை தட்டுகிறவளுக்கு இரண்டாவது தட்டிலேயே டோக்கன் கிடைத்தது. டெஸ்ட் தேறியதற்கு அடையாளமாகத் திரையில் பச்சை விழுந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பச்சை, அவ்வளவுதான். லேப்டாப்பை மூடிவிட்டு மாவு வாங்கப் போனேன்.

ஐப்பசி மழை தொடங்கியபோது ஆப்பை மறுபடி திறந்தார்கள். இந்தத் தடவை நாற்பது இடமும் நிறைந்தன, நாற்பது பேரும் வந்தார்கள். ரிசப்ஷன் பெண் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினாள். அக்காவை இனி மாதா மாதம் அந்த மதுரை டாக்டரே பார்க்கலாம் என்று திருநெல்வேலியில் சொல்லியிருந்தார்கள். அந்த முதல் இரண்டு மாதமும் அவளுக்கு நான்தான் போட்டேன். பதினைந்து விநாடி.

அக்காவுக்கு இதற்குள் மூன்று வார்த்தைகள் திரும்பியிருந்தன. ஆமா, வேண்டாம், சவம். வசவு மட்டும் முதலில் திரும்பும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னபோது அத்தான்கூடச் சிரித்துவிட்டார். இட்லி கெட்டியாக இருந்தால் சவம். கரண்டு போனால் சவம். நான் போனால் சில சமயம் நானும் சவம்.

மூன்றாவது மாதம் வியாழக்கிழமை காலை குற்றாலத்தில் அவள் வீட்டில் இருந்தேன். ஏழு மணிக்கு நான் போனை எடுத்ததும் கையை நீட்டினாள். தானே போட வேண்டுமாம்.

"நான் போடுதேன்க்கா. வெரசாப் போடணும்."

"வேண்டாம்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

போனை மடியில் வைத்து, இடது கட்டைவிரலால் ஒன்பது மணியைத் தட்டினாள். பேர் எழுதும் இடத்துக்கு வந்தாள். தன் பேரின் முதல் எழுத்தைத் தேடினாள். விரல் எழுத்துகளின் மேல் போய்க்கொண்டே இருந்தது. கண்டுபிடித்துத் தட்டினாள், அது பக்கத்து எழுத்தில் விழுந்தது. அழித்தாள். மறுபடி தேடினாள். நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பழக்கதோஷம். இரண்டாவது எழுத்து விழுவதற்குள் திரை மாறியது. 'நேரம் முடிந்தது. மீண்டும் முயலவும்.'

"சவம்" என்றாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இரண்டாம் தடவை மூன்று எழுத்து. மூன்றாம் தடவை பேர் முழுவதும் வந்துவிட்டது, வயதில் நின்றது. நான் கையை நீட்டினேன். தரவில்லை. அத்தான் அடுப்படியிலிருந்து வந்து கதவோரம் நின்றார். நாலாம் தடவை வயதும் வந்தது. நெற்றியில் வியர்த்திருந்தது அவளுக்கு. 'நேரம் முடிந்தது.' ஐந்தாம் தடவை உள்ளே போனபோது இடமே இல்லை. நாற்பதும் போய்விட்டிருந்தன. இந்தத் தடவை நிஜமாகவே போய்விட்டிருந்தன.

ஆஸ்பத்திரி வாசலில் நான் நேரம் பார்த்தவர்கள் எல்லாரும் நோயாளியைக் கூட்டிவந்தவர்கள். நடக்க முடிந்தவர்கள், இரண்டு கையும் உள்ளவர்கள். நோயாளி ஒருத்தர்கூட என் கணக்கில் இல்லை. மூளை நரம்பு டாக்டரின் ஆப்புக்கு ஆட்களை எழுதிவிட்டு, கை விழுந்த ஒருத்தரையும் நான் எழுதவில்லை. பத்து நிமிடத்தை ஒரு நிமிடமாக வெட்டிய கை என்னுடையது.

அங்கேயே உட்கார்ந்து சென்னைக்குப் போன் செய்தேன். பிடித்து வைக்கும் நேரத்தை ஐந்து நிமிடமாக்க வேண்டும், புது டெஸ்டில் நாலு நிமிடம் எடுத்துக்கொள்கிற ஆள் ஒருத்தரைச் சேர்க்க வேண்டும் என்றேன்.

"நாலு நிமிஷமா? பேரும் வயசும் போடுறதுக்கா?" என்றாள். அவள்மேல் தப்பில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். "ரியலிஸ்டிக்கா இருக்கணும்னு நீங்கதானே சார் சொல்வீங்க? நிஜத்துல யாரு அவ்வளவு நேரம் எடுப்பாங்க?"

"எங்க அக்கா எடுப்பா" என்றேன்.

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதம் எங்கே போயிருந்ததோ, மொத்தமும் ஒரேயடியாக வந்தது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். "சார்? சார், லைன்ல இருக்கீங்களா? நிஜமாவா சார்?" என்று அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அக்கா இடது கையால் என்னிடமிருந்து போனை வாங்கினாள். காதில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள்.